நெடுமூச்சன் தட்டிய கிளை

டொக்... டொக்... டொக்...

காய்ந்த கருவேலங்கிளையை அலகால் தட்டும் ஓசை அது. வெகுகாலத்துக்கு முன், ஈச்சந்தாங்கல் ஏரியில் தண்ணீர் ததும்பிய மாதங்களில், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்த ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். வழியில் போகிறவர்கள் மரங்கொத்தி என்று நினைத்தார்கள். மரங்கொத்தி இல்லை. பாம்புத்தாராக்கள் ஒன்றுக்கொன்று காவல் இருக்கும் ஓசை அது.

பாம்புத்தாரா நீந்தும்போது உடல் தண்ணீருக்குள் மறைந்திருக்கும். கழுத்து மட்டும் பாம்பைப்போல் வெளியே நீளும். அலகு நேரான ஈட்டி. முங்கிப் போய் மீனைக் குத்தி, மேலே வந்து, தூக்கிப் போட்டுப் பிடித்து விழுங்கும். அதன் இறகு துணியைப்போல் நனையும். நனைவதால்தான் அதனால் சத்தமில்லாமல் அடிக்குப் போக முடிகிறது. நனைவதால்தான் அதற்கு ஆபத்தும்.

ஆகவே அந்த ஏரியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் முங்கினால் ஒருவர் மேலே இருக்க வேண்டும். கீழே போகிறவர் தலையை நுழைக்கும் அதே கணத்தில் மேலே இருப்பவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பிடித்தபடியே, தண்ணீரில் நிற்கும் மரத்தைத் தட்டுவார். ஓசை மரத்தின் வழியாக அடிவரை இறங்கும். மேலே இருப்பவரின் மூச்சு தீர்ந்ததும் தட்டல் நிற்கும். தட்டல் நின்றால், அலகுக்கு நேரே கொழுத்த மீன் நின்றாலும், விட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும்.

கீழே நீந்துகிறவருக்கு மூச்சு சீக்கிரம் செலவாகும். மேலே சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு மெதுவாகச் செலவாகும். அதனால் மூச்சுக் குறைந்தவரைத்தான் காவலுக்குத் தேடிப் பிடிப்பார்கள்.

கூர்வேலன் என்ற தாராவின் மனைவி தவிட்டி. குஞ்சாக இருந்தபோது மார்பில் முள் குத்தியதால் அவளுக்கு மூச்சு குறைவு. அங்கிருந்த தாராக்களிலேயே மிகக் குறைவு. ஆகவே தாராக்களிலேயே சிறந்த காவல் அவளுடையது. இது கூர்வேலனைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அவர்கள் கூட்டில் மூன்று குஞ்சுகள் இருந்தன. காலையில் கூட்டுமரத்தின் அடியிலேயே கூர்வேலன் முங்குவான். தவிட்டி கூட்டோரம் இருந்து தட்டுவாள். குஞ்சுகளுக்கும் அவர்களுக்கும் போதுமான மீன் வெயில் ஏறுவதற்குள் கிடைத்துவிடும்.

பிரச்சினை வெயில் ஏறிய பிறகுதான். வயிறு நிறைந்தவனுக்குப் பொழுது போக வேண்டுமே!

ஏரியின் நடுவே ஒரு மொட்டை மரம். அதில் நீர்க்காகங்களின் கூட்டம். கூர்வேலன் அங்கே போய் விளையாட்டுக்கு மீன் குத்துவான். குத்தியதில் பாதியைத் தின்னாமல் உயரத் தூக்கி வீசுவான். நீர்க்காகங்கள் பாய்ந்து பிடித்துத் தின்றுவிட்டு, "அடடா! என்ன குத்து! என்ன குறி!" என்று கத்தும். அந்தக் கத்தலுக்கு மீன்தான் கூலி. கூலி என்று தெரியாமல் அதைக் கேட்டுக் கேட்டுக் கூர்வேலனின் கழுத்து இன்னும் ஒரு விரற்கடை நீண்டது.

ஒருநாள் மழை பெய்து ஏரி கலங்கியிருந்தது. தலையும் வாலும் தெரியாத மீனைக் குத்தக் கூடாது என்பது பறவைக்குஞ்சுக்கும் தெரியும். கூர்வேலன் கலங்கலில் ஒரு நிழலைப் பார்த்தான். குத்தினான். "கீச்!" என்று அலறல் கேட்டது. குத்துப்பட்டது மீன் இல்லை. குமிழி என்ற சின்ன முக்குளிப்பான் பறவை. அவள் தொடையில் ரத்தம் வழிந்தது.

"என்னண்ணே, கண்ணு தெரியலையா?" என்று அழுதாள் குமிழி.

"நீ மீன் மாதிரி ஓடினா நான் என்ன பண்றது?" என்றான் கூர்வேலன். "வேடிக்கை பார்க்கணும்னா கரையில நின்னு பாரு!"

மொட்டை மரம் முழுதும் சிரித்தது. தன்னைக் குத்தாதவரை எந்தக் குத்தும் வேடிக்கைதான்.

சேதி தவிட்டிக்கு எட்டியது. அன்று மாலை கூர்வேலன் கூட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"குமிழியைக் குத்திட்டீங்களாமே?"

"லேசாத்தான். பெரிசு பண்ணாதே."

"விளையாட வேண்டாம்னு நான் சொல்லலைங்க. விளையாடுங்க. ஆனா கலங்கின தண்ணியில வேண்டாம். தின்னாத மீனைக் குத்த வேண்டாம். மேல ஆள் இல்லாம முங்கவே வேண்டாம். இந்த மரத்தடியிலேயே விளையாடுங்க, நான் தட்டறேன்."

"நீயா?" கூர்வேலன் சிரித்தான். "நீ தட்ட ஆரம்பிச்சு நான் ஒரு கெண்டையைப் பார்க்கறதுக்குள்ள உன் மூச்சு தீர்ந்துபோயிடுது! எனக்கு இருக்கிற நெஞ்சுக்கு நான் அடியில குடித்தனமே பண்ணலாம். உன்னோட அரைமூச்சை வெச்சு என்னை ஏன் அளக்கணும்?"

"அரைமூச்சுக்காரி தட்டித்தான் இத்தனை நாள் முழுசா வீடு வந்து சேர்ந்தீங்க."

"நாளைக்குப் பார். எனக்கேத்த காவல் ஒண்ணு வருது!"

அவன் சொன்ன காவல் நெடுமூச்சன் என்ற நீர்க்காகம். அந்தப் பெயரை அவன் தாய் வைக்கவில்லை. அவனே வைத்துக்கொண்டான். ஏரியில் தன்னைவிட நீண்ட நேரம் மூச்சைப் பிடிக்க ஆள் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இவ்வளவு உரக்கச் சொல்கிறவன் பொய்யா சொல்வான் என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் மொட்டை மரத்தில் இடம் போதவில்லை. கொக்குகள் வந்திருந்தன. நத்தைகுத்தி நாரைகள் வந்திருந்தன. எந்தக் கூட்டம் எதற்குக் கூடினாலும் வந்துவிடும் மடையான்களும் வந்திருந்தன.

நெடுமூச்சன் கிளையில் ஏறி நின்று இறக்கையை விரித்தான்.

"பெரியோர்களே! இன்னிக்கு நம்ம கூர்வேலன் அண்ணன் இந்த ஏரியிலேயே பெரிய விராலைக் குத்திக் கொண்டுவரப் போறார். அவர் அடியில இருக்கிறவரைக்கும் நான் மேலே மூச்சு விடமாட்டேன்! பார்த்துக்கிட்டே இருங்க!"

"ஆகா! ஒரே நேரத்துல ரெண்டு வித்தை!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

கூர்வேலன் காலையிலிருந்து நாலைந்து முறை முங்கியிருந்தான். இறகு நனைந்து உடலோடு ஒட்டிக் கிடந்தது. மற்ற நாளாயிருந்தால் தவிட்டி, "இறக்கையைக் காய வைங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லியிருப்பாள். இங்கே அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. இத்தனை பேர் காத்திருக்கும்போது இறக்கை காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்?

கொஞ்சம் தள்ளி, நாணல் ஓரத்தில், நொண்டியபடி மிதந்துகொண்டிருந்த குமிழி அவனைப் பார்த்தாள்.

"அண்ணே! அந்த வேர்ப்பக்கம் போகாதீங்க! அங்கே இருக்கிற விரால் குஞ்சு காக்குது!"

விரால் குஞ்சு பொரித்தால் அந்த இடத்தைவிட்டு நகராது. சிவப்புப் பந்துபோல் மொய்க்கும் குஞ்சுக்கூட்டத்தின் அடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். யார் வந்தாலும் ஓடாது. ஓடாத மீனைக் குத்துவதில் திறமை ஒன்றும் இல்லை. அதைக் குத்தினால் குஞ்சுகள் ஒன்றும் மிஞ்சாது. அதனால் அந்த ஏரியில் பசித்தவர்கள்கூடக் குஞ்சு காக்கும் விராலைத் தொடமாட்டார்கள்.

"நகராத மீனா? இன்னும் வசதியாப் போச்சு!" என்றான் கூர்வேலன். தலையை நுழைத்தான். மறைந்தான்.

டொக்... டொக்... டொக்... நெடுமூச்சன் தட்டத் தொடங்கினான். கன்னத்தை உப்பலாக வைத்துக்கொண்டான். கூட்டம் தன்னைப் பார்க்கும்போது அலகை இறுக மூடினான். கூட்டம் தண்ணீரைப் பார்க்கும்போது முகத்தைத் திருப்பி, அலகைத் திறந்து, நிம்மதியாக மூச்சு விட்டான். பிறகு மறுபடி கன்னத்தை உப்பினான்.

கீழே, மரவேர்கள் பின்னிக் கிடந்த இடத்தில், விரால் நின்றது. மேலே சிவப்புக் குஞ்சுகள் மொய்த்தன. கூர்வேலன் கழுத்தை மடக்கினான். விட்டான். அலகு விராலின் முதுகில் ஆழமாக ஏறியது.

விரால் பெரிது. அது வேருக்கடியில் புகுந்து திமிறியது. அலகு தசைக்குள் மாட்டிக்கொண்டது. கழுத்து வேர்களுக்கிடையே சிக்கியது. அந்த நேரத்திலும் தப்ப வழி இருந்தது. உடலைப் பின்னுக்கு இழுத்துத் தலையை இரண்டு உதறு உதறினால் மீன் கிழிந்து விடுபட்டுவிடும். ஆனால் கிழிந்த மீனோடு, அல்லது வெறும் அலகோடு, அந்தக் கூட்டத்தின் முன்னால் எப்படிப் போவது?

நெஞ்சு வலித்தது. 'மேலே போ' என்றது நெஞ்சு.

டொக்... டொக்... டொக்... என்றது மரம்.

தட்டல் நிற்கவில்லையே! அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பிறந்தது முதல் அவன் நம்பிப் பழகிய ஓசை அது. தன் நெஞ்சு சொன்னதை விட்டுவிட்டு அந்த ஓசையை நம்பினான். மீனை முழுசாக வெளியே எடுக்க, வேரை மெதுவாகச் சுற்றினான்.

தூரத்தில், கூட்டுமரத்தில், குஞ்சுகளுக்கு நிழல் விரித்துக்கொண்டிருந்தாள் தவிட்டி. காற்றில் தட்டல் கேட்டதும் அவள் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பழகிய நெஞ்சு, கேட்டால் பிடித்துக்கொள்ளும். மூச்சு தீர்ந்தது. விட்டாள். தட்டல் நிற்கவில்லை. மறுபடி பிடித்தாள். அதுவும் தீர்ந்தது. தட்டல் நிற்கவில்லை.

மூன்றாவது முறை அவள் மூச்சைப் பிடிக்கவில்லை. பறந்தாள்.

மொட்டை மரத்தில் திருவிழாவாக இருந்தது.

"இன்னும் வரலை! இன்னும் வரலை!"

"இதுவரைக்கும் யாரும் இவ்வளவு நேரம் இருந்ததில்லை!"

"நெடுமூச்சனைப் பாருங்கப்பா! கன்னம் கொஞ்சம்கூடச் சுருங்கலை!"

தவிட்டி வந்து கிளையில் விழுந்தாள். "நிறுத்து!" என்று கத்தினாள். "தட்டறதை நிறுத்து! அவர் மேல வரட்டும்!"

"நான் எதுக்கு நிறுத்தணும்?" என்றான் நெடுமூச்சன், தட்டலுக்கு நடுநடுவே. "எனக்குத்தான் இன்னும் மூச்சு இருக்கே! பொறாமையா உனக்கு? அவர் சாதனை பண்ணிக்கிட்டிருக்கார், நடுவுல வந்து கெடுக்காதே!"

மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறவன் இவ்வளவு நீளமாக எப்படிப் பேசுகிறான் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தவிட்டி அவனைக் கிளையிலிருந்து தள்ளினாள். தட்டல் நின்றது.

எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். ஒரு குமிழ் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

"நான் முங்கணும்," என்றாள் தவிட்டி. "யாராவது தட்டுங்க! சீக்கிரம்!"

கொக்குகள் நாரைகளைப் பார்த்தன. நாரைகள் மடையான்களைப் பார்த்தன. மடையான்களுக்குத் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்தது. நீர்க்காகங்கள், "எங்களுக்குத் தட்டிப் பழக்கமில்லையே" என்றன. பார்க்க வந்தவர்கள் அவர்கள். பார்த்துக்கொள்ள வந்தவர்கள் இல்லை.

நாணல் ஓரத்திலிருந்து குமிழி நொண்டி நொண்டி நீந்தி வந்தாள்.

"அக்கா, நான் தட்டவா? ஆனா எனக்கு ரொம்ப நேரம் மூச்சு நிக்காதே!"

"அதான் வேணும் எனக்கு," என்றாள் தவிட்டி. மறு சொல் பேசாமல் முங்கினாள்.

குமிழி தண்ணீரில் மிதந்தபடியே மரத்தின் அடியைத் தட்டினாள். சின்ன அலகு, சின்ன ஓசை. தன்னைக் குத்தியவனுக்காகத்தான் தட்டுகிறோம் என்பதை அவள் மறக்கவில்லை. தொடை வலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் தட்டினாள். தன் மூச்சு தீர்ந்ததும் ஏமாற்றாமல் நிறுத்தினாள்.

கீழே தவிட்டிக்குக் கணவனின் இறக்கை நுனி தென்பட்டது. ஒரு கழுத்து தூரம்தான். எட்டினாள். அந்த நேரம் தட்டல் நின்றது. அவள் நெஞ்சு இன்னும் கொஞ்சம் தாங்கும் போலத்தான் இருந்தது. கூட்டில் மூன்று குஞ்சுகள் இருந்தன.

அவள் திரும்பி மேலே வந்தாள்.

"வெறும் அலகோட வந்துட்டாளே!" என்றது மரத்திலிருந்து ஒரு குரல். "இவ்வளவுதானா?"

மூச்சு சீராகும்வரை தவிட்டி காத்திருந்தாள். அவள் வாழ்வில் அதைவிடக் கடினமான காத்திருப்பு இல்லை. பிறகு குமிழியைப் பார்த்துத் தலையசைத்தாள். தட்டல் தொடங்கியது. முங்கினாள்.

இரண்டாம் முறை கூர்வேலனை வேரிலிருந்து விடுவித்து இழுத்து வந்தாள். தாழ்ந்த கிளையில் கிடத்தினாள். கழுத்து கிளையின் இந்தப் பக்கம் தொங்கியது. இறக்கை அந்தப் பக்கம் தொங்கியது. அலகில் விரால் கோத்தபடியே இருந்தது. அதுவும் செத்திருந்தது.

தவிட்டி அவன் நெஞ்சில் தலையை வைத்துக் கேட்டாள். வெகு நேரம் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

தள்ளிவிடப்பட்ட நெடுமூச்சன் மறுபடி கிளையில் ஏறினான். தொண்டையைச் செருமினான்.

"எவ்வளவு நேரம் இருந்தார் பார்த்தீங்களா! மாவீரர்!"

"மாவீரர்! மாவீரர்!" என்றது கூட்டம்.

ஒரு நீர்க்காகம் பக்கத்தில் வந்து பணிவாகக் கேட்டது. "அம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்த விராலை நாங்க எடுத்துக்கலாமா?"

தவிட்டி விலகிப் பறந்தாள். குஞ்சுகளுக்குப் பசி நேரம்.

பொழுது சாய்வதற்குள் நீர்க்காகங்கள் வேர்ப்பக்கம் இறங்கின. காப்பார் இல்லாத சிவப்புக் குஞ்சுகளை ஒன்றுவிடாமல் தின்றன. அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் விரால் இல்லை. 'ஏரியே கெட்டுப்போச்சு' என்று அதே நீர்க்காகங்கள் அலுத்துக்கொண்டன.

கூட்டுமரத்தடியில் குமிழி தட்ட, தவிட்டி முங்கி, மூன்று குஞ்சுகளையும் வளர்த்தாள். குஞ்சுகள் பெரிதாகி முங்கக் கற்றபோது, மூன்றும் குமிழியைத்தான் காவலுக்குக் கேட்டன. "உங்களைவிட மூச்சுக் குறைஞ்சவங்க இந்த ஏரியில யாரும் இல்லையே அத்தை!" என்றன. தன் வாழ்நாளில் தனக்குக் கிடைத்த பெரிய புகழ்ச்சி அதுதான் என்று குமிழி எண்ணினாள்.

ஆழத்தில் இறங்குகிறவன் தன் உயிரைத் தன்னைப் புகழ்கிறவனிடம் ஒப்படைக்கக் கூடாது, தன்னைத் திரும்ப அழைக்கிறவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

நெடுமூச்சன் நெடுநாள் வாழ்ந்தான். சாகும்வரை அந்த ஏரியின் எல்லா மூச்சுப் போட்டிகளுக்கும் அவன்தான் நடுவர்.